பத்தாம் வகுப்புக்குப் பிறகு எந்த வழி? குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

மே மாதம் பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் குமரி மாவட்ட வீடுகளில் பேச்சு நாலு பக்கமும் இழுக்கும். பிளஸ் ஒன் சேர்க்கலாம் என்பார் ஒருவர். கோணம் பாலிடெக்னிக்கில் போடலாம் என்பார் இன்னொருவர். ஐ.டி.ஐ.யில் ஒரு டிரேடு படித்தால் போதும் என்று மாமா சொல்வார். பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்றால், இப்போதைக்கு வேலைக்குப் போகட்டும், பதினெட்டு ஆனதும் கல்ஃபுக்கு அனுப்பலாம் என்று முடிவாகும்.

இந்த வழிகளைச் சம்பளத்தை மட்டும் வைத்து எடைபோடுவதுதான் வழக்கம். பதினைந்து வயதில் அந்தக் கணக்கு பத்தாது. போன வழி சரிப்படவில்லை என்றால் இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வர முடியுமா, வந்தால் எந்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதையும் கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை ஒவ்வொரு வழியிடமும் கேட்டுப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: வேலைக்குப் போவதைவிட மோசமானது, ஒன்றில் சேர்ந்துவிட்டுச் சான்றிதழ் கைக்கு வரும் முன் பாதியில் நிற்பது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஊருக்கு அது பெருமை. பள்ளியை விட்ட பிள்ளைக்கு அதுவே பாரம். எந்த வேலைக்கு விண்ணப்பித்தாலும் பக்கத்தில் நிற்பவன் குறைந்தது பிளஸ் டூ முடித்திருப்பான்.

முதலில் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி

எந்த வழியில் போவதாக இருந்தாலும் இந்த ஒரு தாள் கையில் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. பலர் நினைப்பதைவிட இந்தத் தாளுக்கு வேலை அதிகம்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அடிப்படைத் தகுதி இதுதான்; கிராம நிர்வாக அலுவலர், இளநிலை உதவியாளர் பணிகள் அதில் வருகின்றன. அஞ்சல் துறையின் கிராமிய டாக் சேவக் பணிக்கு எழுத்துத் தேர்வே கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பட்டியல் போடுகிறார்கள். ராணுவத்தில் அக்னிவீர் பொதுப் பணிக்கு மொத்தத்தில் 45 சதவீதம், அதாவது 500-க்கு 225 வேண்டும். ஆகவே 'பாஸானால் போதும்' என்ற பேச்சும் முழுக்கச் சரியில்லை. 180-க்கும் 230-க்கும் நடுவில் ஒரு பையனுக்குச் சில கதவுகள் இருக்கின்றன.

கடற்கரைப் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் உண்டு, கரையில் பலருக்கு அது தெரிவதில்லை. மத்திய அரசின் சிஃப்நெட் நிறுவனம் கொச்சியிலும் சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் மீன்பிடிக் கப்பல் ஓட்டுநர், கப்பல் எஞ்சின் ஃபிட்டர் ஆகிய இரண்டு வருஷப் படிப்புகளை நடத்துகிறது. பத்தாம் வகுப்பில் கணக்கிலும் அறிவியலிலும் தலா 40 சதவீதம் கேட்கிறார்கள். தூத்தூர், குளச்சல் பக்கம் சிறு வயதிலேயே கடல் பழகிய பிள்ளைக்கு இது சொந்தத் தொழிலிலேயே சான்றிதழ் வாங்கும் வழி. வெறும் 35 வாங்கிய பையனுக்கு இது கிடைக்காது.

தேர்ச்சி பெறாதவர்கள் செய்ய வேண்டியது துணைத் தேர்வு. முடிவு வந்த சில நாட்களிலேயே விண்ணப்பம் தொடங்கிவிடும். பள்ளி மூலமாகத் தேர்வெழுதியவர் அந்தப் பள்ளியிலேயே பதிவு செய்யலாம். தனித்தேர்வர் அரசுத் தேர்வுகள் துறையின் சேவை மையத்துக்குப் போக வேண்டும். தேர்வு பெரும்பாலும் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ நடக்கும். தேர்ச்சி பெறாத பாடத்தை மட்டும் எழுதினால் போதும். அதில் தேறினால் அதே வருஷம் பிளஸ் ஒன்னிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்துவிடலாம், வருஷம் வீணாகாது. மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நீரோடி முதல் கன்னியாகுமரி வரையுள்ள கரையில் விசைப்படகுக்குப் போகத் தொடங்கிவிட்ட பையன்கூட இந்த இரண்டு மாதம் கரையில்தான் இருப்பான். துணைத் தேர்வுக்குப் படிக்க இதைவிட நல்ல நேரம் அமையாது.

கைவிடுபவர்களில் பலர் கணக்குப் பாடத்தைச் சொல்லித்தான் கைவிடுகிறார்கள். தேர்ச்சிக்கான 35-ஐ எங்கிருந்து எடுப்பது என்று பிரித்துப் பார்த்தால் பயம் குறையும். வினாத்தாளில் 1 மதிப்பெண் கேள்விகள் 14. 2 மதிப்பெண்ணில் 14 கேட்டு 10 எழுதச் சொல்வார்கள். 5 மதிப்பெண்ணிலும் அப்படியே 14-க்கு 10. கடைசியில் 8 மதிப்பெண்ணில் இரண்டு: ஒன்று வடிவியல் வரைதல், மற்றது வரைபடம். வடிவியலில் ஒத்த முக்கோணம், அடிப்பக்கமும் உச்சிக்கோணமும் தந்து முக்கோணம் வரைதல், வட்டத்துக்குத் தொடுகோடு ஆகிய மூன்று வகைதான் திரும்பத் திரும்ப வரும். வரைபடத்தில் இருபடிச் சமன்பாடும் நேர், எதிர் மாறுபாடும். இவற்றை நாளுக்கு ஒன்றாக மூன்று வாரம் போட்டுப் பழகினால் 16-ல் 14 வரும். புத்தகத்தின் ஒவ்வோர் அத்தியாயத்தின் கடைசியிலும் உள்ள சரியான விடை தேர்வுக் கேள்விகளைப் படித்தால் 14-ல் 9 கிடைக்கும். 2 மதிப்பெண்ணில் ஆறு சரியாக எழுதினால் 12. ஆக 35. ஐந்து மதிப்பெண் கணக்கு ஒன்றுகூடப் போடாமலே இந்த எண்ணிக்கை வந்துவிடுகிறது. அதில் கிடைப்பது தவறுகளுக்கான ஈடு. இப்படி எழுதுபவர்களுக்கு வழுக்குகிற இடம் வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதாமல் விடுவதும், வடிவியலில் உதவிப்படம் போடாமல் விடுவதும். இரண்டுக்கும் மதிப்பெண் தனியாக உண்டு.

அறிவியலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செய்முறைக்கு 25, எழுத்துத் தேர்வுக்கு 75. செய்முறையில் முழுசாக 25 வாங்கினாலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 எடுத்தாக வேண்டும். 25-ஓடு 10 சேர்ந்தால் போதும் என்று நம்பிக் கோட்டை விட்டவர்கள் உண்டு.

நேராக வேலைக்குப் போனால்

இந்த வழியை மட்டமாகப் பேசுவது நியாயமாகாது. வீட்டில் கடன் இருக்கிறது, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்குக் காசு இன்றைக்கே வேண்டும். கொத்தனாருக்குக் கையாளாகப் போகும் பையனுக்கு நாள்கூலி 700 ரூபாய், மழையும் வேலை இல்லாத நாளும் போக மாதம் 18 நாள் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 12,600. இரண்டு வருஷத்தில் 3 லட்சத்துக்கு மேல். பிளஸ் டூ படிக்கும் பையன் வீட்டுக்குக் கொண்டுவராத தொகை இது. படிக்கச் சொல்கிறவர்கள் இந்தத் தொகையை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும்.

ஆனால் இதே கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க வேண்டும். குமரியில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கட்டட வேலையும் ரப்பர் பால்வெட்டும் இரண்டு முறை அடிபடும். மழை பெய்தால் மரத்தில் வெட்ட முடியாது. வெட்டினாலும் பால் கரைந்து போகும். விசைப்படகுக்கு 61 நாள் தடை. அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) வேலை ஆலைக்கு வரும் கொட்டையின் அளவைப் பொறுத்தது. பதினாறு வயதில் பெரிதாகத் தெரிகிற நாள்கூலி இருபத்தாறு வயதிலும் ஏறக்குறைய அங்கேயே நிற்கும், கொத்தனாராகவோ ஸ்ராங்காகவோ (படகை ஓட்டும் தலைவர்) மேலே ஏறினால் ஒழிய. அந்த ஏற்றம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

இதைவிடக் கவலை தருவது பாதுகாப்பு. கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்ய 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பதினாறு வயதுப் பையன் சாரத்திலிருந்து விழுந்தால் வாரியத்தில் அவன் பெயர் இருக்காது, உதவித்தொகையும் வராது. 14 முதல் 18 வயதுக்குள் அபாயகரமான தொழில்களில் வேலைக்கு வைப்பதை 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடை செய்கிறது. அதனால் அடிபட்டால் முதலாளி அவன் அங்கே வேலை பார்த்ததையே மறுக்கப் பார்ப்பார்.

பாறசாலைக்கு அந்தப் பக்கம் கூலி அதிகம் என்பதால் விளவங்கோடு பகுதிப் பையன்கள் காலையில் கேரளத்துக்குப் பஸ் ஏறுகிறார்கள். கூலி கூடுதல்தான். ஆனால் அங்கே பெரிய மேஸ்திரியாக ஆனவர்களைப் பாருங்கள்: பிளான் படிக்கத் தெரியும், அளவெடுத்து எஸ்டிமேட் போடத் தெரியும். அதை ஐ.டி.ஐ. சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு இரண்டு வருஷத்தில் சொல்லிக்கொடுத்துவிடும்.

வேலைக்குப் போவதைத் தவிர வழியில்லை என்றால், பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போகட்டும். திரும்பி வரும் செலவு அப்போது மிகக் குறைவு. ஒன்பதாம் வகுப்பில் நின்றவனுக்கு அந்தச் செலவு பல மடங்கு.

பிளஸ் டூ: குரூப்பும் பள்ளியும்

அரசுப் பள்ளியில் கல்விக் கட்டணம் இல்லை, பாடப்புத்தகம் இலவசம், பஸ் இலவசம், பிளஸ் ஒன்னில் சைக்கிள் தருகிறார்கள். பணத்தை வைத்துப் பார்த்தால் பிளஸ் டூவைவிட மலிவான வழி அரசு ஐ.டி.ஐ. ஒன்றுதான். கதவுகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் பிளஸ் டூவுக்கு மேல் எதுவும் இல்லை.

இந்த மாவட்டத்தில் அதிகம் தவறுவது பள்ளி மாறும்போது. இங்கே சபைகளும் சமுதாயங்களும் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகள் ஏராளம். அரசுப் பள்ளியும் உதவிபெறும் பள்ளியும் ஒன்றுதான் என்ற எண்ணம் பெற்றோரிடம் பரவலாக இருக்கிறது. மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்குத்தான். பத்து வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, 'அங்கே ரிசல்ட் நல்லா வரும்' என்று பிளஸ் ஒன்னுக்கு உதவிபெறும் பள்ளிக்கு மாற்றினால் அந்த ஒதுக்கீடு போய்விடும். பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் சேர்பவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நான்கு வருஷத்துக்கு அது பெரிய தொகை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளியோடு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. தனியார் மெட்ரிக் பள்ளிக்கு மாறினால் அதுவும் கிடைக்காது. மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழிக் கல்வி வேண்டும். இடையில் ஆங்கிலவழிக்கு மாற்றுவோரும் இதை யோசிக்கட்டும்.

குரூப் தேர்வில் ஒரே ஒரு விதி: பிள்ளை போக நினைக்கும் இடத்திலிருந்து பின்னோக்கி வாருங்கள். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். கப்பல் அதிகாரி ஆகும் நாட்டிக்கல் படிப்புக்கு இயற்பியல், வேதியியல், கணக்கில் 60 சதவீதம். கடற்படையின் எஸ்.எஸ்.ஆர். மாலுமிப் பணிக்கும் கடலோரக் காவல்படையின் பொதுப் பணி மாலுமிக்கும் கணக்கும் இயற்பியலும். பி.காம்., சி.ஏ. நினைப்பவருக்கு வணிகவியல். பத்தாம் வகுப்பில் கணக்கில் தட்டுத்தடுமாறி 38 வாங்கிய பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து கணக்கு–உயிரியல் குரூப்பில் சேர்ப்பதுதான் பாதியில் நிற்பதன் முதல் காரணம். ஆகஸ்டில் முதல் தேர்வில் விழும். அக்டோபரில் வகுப்பைக் கட் அடிக்கும். பொங்கல் விடுமுறைக்குப் பிறகு வராது. அறிகுறி முதல் இடைத்தேர்விலேயே தெரிந்துவிடும். அந்த நேரத்தில் தலைமையாசிரியரைப் பார்த்து வணிகவியலுக்கோ தொழிற்கல்வி குரூப்புக்கோ மாற்றிக் கேட்டால் பெரும்பாலும் வழி இருக்கும். ஜனவரியில் கேட்டால் இருக்காது.

பாதியில் நின்றவருக்கு என்ன ஆகும்? அறிவியல் குரூப்பில் படித்து நின்றவர், பிற்பாடு தனித்தேர்வராக பிளஸ் டூ எழுத வந்தால் செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களை மட்டுமே எழுத முடியும். இயற்பியலும் வேதியியலும் அவருக்கு அந்த வழியில் இல்லை. நர்சிங், பொறியியல், கப்பல் எல்லாம் போனது. இரண்டு வருஷம் உட்கார்ந்து தேர்வு எழுதித் தோற்றவர் நிலை அப்படியில்லை: அவருக்குச் செய்முறை மதிப்பெண் கணக்கில் இருக்கிறது, தோற்ற பாடத்தை மட்டும் துணைத் தேர்வில் எழுதினால் முழு அறிவியல் குரூப் சான்றிதழ் வந்துவிடும். ஆகவே எவ்வளவு மோசமாகப் படித்தாலும் செய்முறைத் தேர்வுக்கும் எழுத்துத் தேர்வுக்கும் போய் உட்காரச் சொல்லுங்கள். வராமல் இருப்பதைவிடத் தோற்பது எவ்வளவோ மேல்.

ஐ.டி.ஐ. படிக்கலாமா?

கையால் செய்யும் வேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதை முதல் தேர்வாகவே சொல்வோம். படிப்பு வராதவன் போகிற இடம் என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் டிரேடுகள் இரண்டு வருஷம். வெல்டர் ஒரு வருஷம். எலக்ட்ரீஷியனுக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் வேண்டும். வெல்டர், வயர்மேனுக்கு எட்டாம் வகுப்பு போதும். அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.

முடித்த பிறகு ஒரு நிறுவனத்தில் தொழில் பழகும் அப்ரண்டிஸ் பயிற்சிதான் முக்கியம். அதை விட்டவர்கள் சான்றிதழை வைத்துக்கொண்டு ஊரிலேயே சுற்றுகிறார்கள். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் மணல் கனிம நிறுவனமான ஐ.ஆர்.இ.எல்., மாவட்ட எல்லை தாண்டினால் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், கூடங்குளம் அணுமின் நிலையம், இவை அப்ரண்டிஸ் எடுப்பதுண்டு. அறிவிப்பைத் தேடிப் பிடித்து விண்ணப்பிக்க வேண்டும். ரயில்வே உதவி லோகோ பைலட் பணிக்கும் பத்தாம் வகுப்போடு ஐ.டி.ஐ. கேட்கிறார்கள்.

மேலே படிக்கும் வழியும் அடைபடவில்லை. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர், மேல்நிலை வகுப்பின் தமிழ், ஆங்கில மொழித் தாள்களை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால் பிளஸ் டூவுக்கு இணையாகக் கொள்ளலாம் என்று 2022-ல் தமிழக அரசு ஆணையிட்டது. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் வருஷத்திலும் சேரலாம். இந்தத் தாள்களை எழுதச் சோம்பி இந்த வாய்ப்பை விடுபவர்களே அதிகம்.

தனியார் ஐ.டி.ஐ. என்றால், நீங்கள் சேரப்போகிற அந்தக் குறிப்பிட்ட டிரேடுக்கு மத்திய அரசின் என்.சி.வி.டி. அங்கீகாரம் இருக்கிறதா என்று இணையதளத்தில் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்து, சேர்த்த டிரேடுக்கு இல்லாமல் போவது நடக்கிறது. வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லையென்றால் கடைசித் தேர்வு எழுத விடமாட்டார்கள். காலையில் பால் வெட்டிவிட்டு வருகிற பையன்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் தோட்டத்தில், விடியுமுன் பையன் வெட்டி முடித்து, பாலெடுக்கும் வேலையை மட்டும் வீட்டில் வேறொருவர் பார்த்தால் இரண்டும் நடக்கும்.

பாலிடெக்னிக்

மூன்று வருஷம். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் இடம். முடித்தால் பி.இ.யில் நேரடி இரண்டாம் வருஷம், பிளஸ் டூ தேவையில்லை. கணக்கு நன்றாக வருகிற, என்ன செய்யப்போகிறோம் என்று தெரிந்த பிள்ளைக்கு நல்ல வழி. முதல் வருஷக் கணக்குத் தாள்களில்தான் அரியர் விழுகிறது. தமிழ்வழியில் வந்தவருக்கு ஆங்கிலச் சொற்கள் பழகும் முன்பே முதல் செமஸ்டர் முடிந்துவிடும். எல்லாத் தாளும் தேறாமல் டிப்ளமோ கிடைக்காது. இரண்டு அரியரோடு வெளியே வந்தவரிடம் இருப்பது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும்தான். சந்தேகம் இருந்தால் பிளஸ் டூ முடித்துவிட்டு நேரடி இரண்டாம் வருஷத்தில் சேருங்கள். மொத்தத்தில் ஒரு வருஷம் கூடும். பிளஸ் டூ கையில் பத்திரமாக இருக்கும்.

கல்ஃப் போகும் எண்ணம் இருந்தால்

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவரின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) என்று பதிவாகும். சவூதி, குவைத், கத்தார், ஓமான், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு இந்த நடையே இல்லை. இ.சி.ஆர். பாஸ்போர்ட்டோடு வீட்டுவேலை போன்ற பணிக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும்.

இ.சி.ஆர். முறை தொழிலாளியைக் காக்க வந்தது. முறைப்படி போனால் ஒப்பந்தம் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவாகும், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு கட்டாயம். ஆனால் நடப்பது வேறு. அனுமதிக்கு அலைய வேண்டும் என்பதால் ஏஜெண்ட் சுற்றுலா விசாவில் அனுப்பிவிடுவார், 'அங்கே போய் மாத்திக்கலாம் மக்கா' என்று. போய் இறங்கியவருக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை, சம்பளம் தராவிட்டால் கேட்கச் சட்டமும் துணைக்கு வராது. படிப்பு குறைந்தவரை ஏமாற்றுவது எளிது என்பது ஏஜெண்டுகளுக்குத் தெரியும். பதிவு பெற்ற ஏஜெண்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம்.

சவூதிக்குப் போகும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்றோருக்கு இப்போது இந்தியாவிலேயே திறன் தேர்வு வைக்கிறார்கள். ஐ.டி.ஐ. படித்தவருக்கு அது பழகிய பாடம். அனுபவத்தில் மட்டும் கற்றவர் கைவேலையில் தேறி, கருவியின் பெயரும் பாதுகாப்பு விதியும் கேட்கும் பகுதியில் தடுமாறுவார்.

கப்பல் வேலைக்கும் இதே எச்சரிக்கை. சாதாரண மாலுமியாகச் சேர்வதற்கான ஜி.பி. ரேட்டிங் பயிற்சிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தத்தில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் 40 சதவீதமும் வேண்டும். நிறுவனம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கப்பலில் ஏற்றிவிடக் கடலோடியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது விதி. லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

'படிச்சவனும் சும்மாதான் இருக்கான்'

இந்த மாவட்டத்தில் இந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. பி.இ. முடித்து வேலையில்லாமல் இருப்பவர்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் அது எந்தப் பாடத்தை, எந்தக் கல்லூரியில், எவ்வளவு கடன் வாங்கிப் படிப்பது என்பதைப் பற்றிய பாடம். பள்ளியை நிறுத்துவதற்கு அது காரணமாகாது. வேலையில்லாத பி.இ. பட்டதாரி நாளைக்குக் குரூப் 4 எழுதலாம், அஞ்சல் துறைக்கு விண்ணப்பிக்கலாம், ஏ.சி. மெக்கானிக் படிப்பில் சேரலாம். ஒன்பதாம் வகுப்பில் நின்றவருக்கு இதில் ஒன்றும் இல்லை.

ஏற்கெனவே நின்றுவிட்டவர்களுக்கு

எட்டு அல்லது ஒன்பதோடு நின்றவர் நேரடித் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். வயது பதினான்கரை ஆகியிருக்க வேண்டும். பலர் தவறுவது அறிவியல் செய்முறையில். தேர்வுக்குப் பல மாதம் முன்பே கல்வி மாவட்ட அலுவலகம் காட்டும் பள்ளியில் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்து, 80 சதவீத வகுப்புகளுக்குப் போயிருக்க வேண்டும். தேர்வுக் கட்டணம் கட்டும் நாளில் போய் நின்றால் அந்த வருஷம் போனது போனதுதான்.

இன்னொரு வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி. ஐந்து பாடம், 33 மதிப்பெண், வருஷத்துக்கு இருமுறை தேர்வு, பதிவு ஐந்து வருஷம் செல்லும். முன்பு வேறு வாரியத்தில் தேறிய இரண்டு பாடம்வரை கொண்டுவரலாம். கணக்கைத் தவிர்த்தும் பாடம் எடுக்கலாம். இதுதான் இதன் வசதி, இதுவே கண்ணியும்கூட. கணக்கு இல்லாத பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியனிலோ கிராமிய டாக் சேவக்கிலோ நுழைய முடியாது. சிரமப்பட்டாலும் கணக்கையும் அறிவியலையும் எடுங்கள்.

'ஒரே மாதத்தில் பத்தாம் வகுப்பு பாஸ்' என்று சுவரொட்டி ஒட்டும் இடங்களுக்குப் போகாதீர்கள். கேள்விப்படாத வாரியத்தின் பெயரில் தரும் சான்றிதழ் பாஸ்போர்ட்டிலோ வேலையிலோ உண்மைத்தன்மை சரிபார்க்கும்போது மாட்டும். அப்போது பணம் மட்டும் போகாது, வழக்கும் வரும். பிளஸ் டூவைத் தாண்டி நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குவதும் அரசு வேலைக்கு உதவாது. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையைத்தான் அங்கே பார்க்கிறார்கள்.

பெயரும் பிறந்த தேதியும்

இங்கே பல வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று, ஆதாரில் அப்பா பெயரைச் சேர்த்து நீட்டிய பெயர் ஒன்று என்று மூன்று இருக்கும். பின்னாளில் பாஸ்போர்ட், கப்பல் பதிவு, அரசு வேலை எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடிதான் போகும். அதை மாற்றுவது பெரும்பாடு. பத்தாம் வகுப்பு படிக்கும்போது தேர்வர் பெயர்ப்பட்டியலைத் தயாரித்துப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவார்கள். பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் கையோடு கொண்டுபோய், பெயரின் ஒவ்வோர் எழுத்தையும், தமிழிலும் ஆங்கிலத்திலும், தலைப்பெழுத்தையும் பிறந்த தேதியையும் அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஆதாரில் தவறு இருந்தால் அதை அதற்கு முன்பே திருத்திவிடுங்கள்.